பை வடிகட்டி டெண்டரில் காற்றுக் காலத்தையும் எழுதுங்கள்: தமிழ்நாடு மின் உற்பத்திக் கழகப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தில் நிலக்கரி எரிக்கும் மின் நிலையம் ஒன்றுகூட இல்லை. பிறகு இங்கிருந்து என்ன மடல் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் ஆரல்வாய்மொழிக் கணவாய். வைகாசி பிறந்ததும் அந்த இடைவெளியில் புகும் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவிடும். அந்த மின்சாரத்துக்கு இடம் கொடுக்க அனல் நிலையங்களின் உற்பத்தி குறைக்கப்படும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பாய்லரின் லோடு நிச்சயம் இறங்கும். புகைவாயுவில் உள்ள சாம்பலைத் துணிப்பையில் பிடிக்கும் வடிகட்டிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் எங்கள் தொழில். பழைய ஈஎஸ்பி (மின்னூட்டம் கொடுத்துச் சாம்பலைத் தட்டில் பிடிக்கும் கருவி) பெட்டிகளில் பை வடிகட்டி போடும் யோசனை உங்கள் மேசைக்கு வரும்போது, முழு லோடை மட்டும் வைத்து டெண்டர் எழுதிவிடாதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

பைக்கு ஏன் மாற வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தூத்துக்குடியின் ஐந்து 210 மெகாவாட் யூனிட்டுகளும் 2003-க்கு முந்தையவை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2015 டிசம்பர் அறிவிக்கைப்படி அவற்றுக்குத் துகள் வரம்பு கனமீட்டருக்கு 100 மில்லிகிராம். 2017 முதல் நிறுவப்படுபவற்றுக்கு 30. பை போடுவதென்றால் அந்த 30-ஐயே இலக்காக வைத்து இங்கே பேசுகிறோம். நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம், கந்தகம் குறைவு. கந்தகம் குறைந்தால் சாம்பலின் மின்தடை ஏறும். ஈஎஸ்பி தட்டில் படிந்த சாம்பல் மின்னூட்டத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். கடைசியில் அந்தப் படலத்துக்குள்ளேயே பொறி வெடித்து, பிடித்த துகள் மறுபடி வாயுவில் கலக்கும். பைக்கு இந்தக் கவலை இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் தென்னாப்பிரிக்காவிலும் பல நிலையங்கள் இதே தொல்லையால்தான் பைக்கு வந்தன.

இனி அளவுகள். 210 மெகாவாட் யூனிட்டில், 140 டிகிரி வெப்பத்தில், நொடிக்கு ஏறத்தாழ 350 கனமீட்டர் வாயு வரும். துணியின் வழியே நிமிடத்துக்கு 1 மீட்டர் வேகம் என்று வைத்தால் 21,000 சதுர மீட்டர் துணி வேண்டும். 127 மில்லிமீட்டர் விட்டம், 8 மீட்டர் நீளம் கொண்ட பை ஒன்றில் 3.2 சதுர மீட்டர் கிடைக்கும். ஆக, சுமார் 6,500 பை. ஈஎஸ்பியில் 25 மில்லிமீட்டர் நீர்மட்டம் அளவில் இருந்த அழுத்த இழப்பு 150-ஐ ஒட்டி வந்து நிற்கும். அதற்கே, வாயுவைப் புகைபோக்கிக்கு இழுக்கும் ஐடி ஃபேன்களுக்குக் கூடுதலாக 600 கிலோவாட் தேவைப்படும். ஈஎஸ்பி மின்சாரத்தில் மிச்சமாவதைக் கழித்துவிட்டுப் பாருங்கள், ஆனால் ஃபேனில் அந்த இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூடுதல் உறிஞ்சலில் பழைய பெட்டியின் தகடும் வாயு வரும் டக்ட்டும் உள்வாங்கும். வலுக்கம்பிகளின் செலவை ஆரம்ப மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.

பையைக் கொல்வது பெரும்பாலும் முழு லோடு அல்ல. 2023-ஆம் ஆண்டு மத்திய மின்சார ஆணைய விதிமுறைகள் யூனிட்டை 40 விழுக்காடு வரை இறக்கி ஓட்டத் தயாராக இருக்கச் சொல்கின்றன. 210 மெகாவாட்டில் அது 84. அந்த லோடில், பாய்லருக்குப் போகும் காற்றைப் புகைவாயுவின் சூட்டால் சூடாக்கும் ஏர் பிரீஹீட்டரை விட்டு வெளிவரும் வாயு குளிர்ந்து, அமிலம் பனிக்கும் வெப்பநிலையைத் தொடும். பை மேல் ஈரம் படிந்தால் சாம்பல் சிமெண்டாக இறுகும். எவ்வளவு பல்ஸ் (சாம்பலை உதிர்க்கப் பைக்குள் அடிக்கும் அழுத்தக் காற்று) கொடுத்தாலும் உதிராது. அத்துடன், சுழலும் பிரீஹீட்டரிலிருந்து வரும் வாயு சீரான சூட்டில் இருப்பதில்லை. டக்ட்டின் ஒரு ஓரம் மற்ற ஓரத்தைவிட 20, 30 டிகிரி குளிர்ந்திருக்கும். கட்டுப்பாட்டு அறையில் தெரியும் ஒற்றைச் சராசரி 128 டிகிரி என்று காட்டும்போது ஒரு பக்கத்துப் பைகள் 112-இல் நனைந்துகொண்டிருக்கும். குறுக்குவெட்டில் 9 அல்லது 12 தெர்மோகப்பிள் (வெப்ப உணரி) வைத்து, அவற்றில் மிகக் குறைந்ததை அலாரத்துக்கு எடுங்கள். சராசரியை எடுக்காதீர்கள்.

இதற்குத் தீர்வு உண்டு: பிரீஹீட்டருக்குள் போகும் காற்றை நீராவிச் சுருளால் சூடாக்குவது. பல யூனிட்டுகளில் அந்தச் சுருள் ஏற்கெனவே இருக்கும். வடிநீரை வெளியேற்றும் நீராவி டிராப் அடைத்தோ வால்வு கசிந்தோ பயன்பாட்டிலிருந்து விலகியிருக்கும். பை வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை முதலில் அதற்குச் செலவிடுங்கள். உதிரும் சாம்பல் சேரும் ஹாப்பரின் கீழ்ப் பாதியில் சூடேற்றிகள் வேலை செய்கின்றனவா என்றும் பாருங்கள். லோடு குறைந்தது என்று வடிகட்டியின் ஒரு அறையை மூடி வைக்கும் பழக்கம் வேண்டாம். மூடிய அறை ஒரே இரவில் குளிரும், ஷட்டர் வழியே கசியும் வாயு உள்ளே பனிக்கும். மறுநாள் திறக்கும்போது அறை முழுக்கப் பிசின். மூடியே ஆக வேண்டுமென்றால் சூடான காற்றால் கழுவிவிட்டு மூடுங்கள்.

குறைந்த லோடு இன்னொரு பொய்யும் சொல்லும். வாயு குறைவதால் டிபி (பையின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு) தானாக இறங்கும். 55 விழுக்காடு லோடில் 100 மில்லிமீட்டர் என்றால் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். முழு லோடுக்கு ஏறினால் அதே பைகள் 150-ஐத் தாண்டும். டிபியை வாயுவின் அளவால் வகுத்து, அந்த எண்ணை வாரந்தோறும் வரைபடத்தில் போட்டு வந்தால் அடைப்பு மாதங்களுக்கு முன்பே தெரியும்.

அடுத்தது எண்ணெய். ஈரக்கரி வந்தாலும் லோடு இறங்கினாலும் சுடரைத் தாங்க ஃபர்னஸ் ஆயில் கன் ஓட்டுவோம். சரியாக எரியாத எண்ணெய்க் கரி புதுப் பையில் ஒட்டினால் அது நிரந்தரக் கறை, துளைகள் அடைந்துபோகும். அதனால் எண்ணெய் ஏற்றுவதற்கு முன், ஃபேன் ஓடும்போதே சுண்ணாம்புத் தூளையோ சுத்தமான பறக்கும் சாம்பலையோ தூவிப் பையில் ஒரு பூச்சு ஏற்ற வேண்டும். சதுர மீட்டருக்கு 250 கிராம் என்றால் இங்கே ஐந்து டன்னுக்குச் சற்று மேல். தூவிய பிறகு டிபி ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் தூள் டக்ட்டின் அடியில் கிடக்கிறது என்று பொருள். முழுக்கக் கரிச்சுடருக்கு மாறும் வரை பல்ஸ் கொடுக்கக் கூடாது. வாயுவைப் பைகளுக்குள் விடாமல் திருப்பிவிடும் பைபாஸ் டாம்பரை நம்பி இந்தப் பூச்சைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அந்த டாம்பர் ஒரு வருடத்தில் கசியத் தொடங்கும், பிறகு உங்கள் 30 மில்லிகிராம் அந்தக் கசிவிலேயே போய்விடும். பைபாஸே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

துணியைப் பற்றி: பிபிஎஸ் (பாலிஃபினைலீன் சல்ஃபைடு) இழை 190 டிகிரி வரை தாங்கும், ஈரத்துக்கும் அமிலத்துக்கும் அஞ்சாது. ஆக்ஸிஜன்தான் அதற்குப் பகை. பிரீஹீட்டரின் சீல் தேய்ந்து, வாயுவில் ஆக்ஸிஜன் 12 விழுக்காட்டைத் தாண்டினால், சூட்டோடு சேர்ந்து இழை பழுப்பேறிப் பொடியும். குறைந்த லோடில் அதிகக் காற்றுடன் எரிப்பதால் ஆக்ஸிஜன் இன்னும் ஏறும். எனவே சீல் பழுதை ஒத்திப்போடுவதும் பையின் ஆயுளை வெட்டுவதும் ஒன்றுதான். அக்ரிலிக் இழை மலிவு, ஆனால் 125 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நிற்காது. பாலியஸ்டர் இந்த ஈரத்தில் நீரால் சிதையும். சிமெண்ட் ஆலையின் நிலக்கரி மில்லில் ஓடுகிறதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பொருத்தும் வேலையை நாங்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் பைகள் வேகமாகத்தான் போகும். பையின் வாயில் உள்ள ஸ்னாப் பேண்ட் வளையம், பைகள் தொங்கும் டியூப் ஷீட் தகட்டின் துளையில் முழுதாக உட்காராமல் ஒரு ஓரம் தூக்கி நிற்கும். பையை உள்ளிருந்து விரித்துத் தாங்கும் 8 மீட்டர் கம்பிக் கூடு (கேஜ்) இரண்டு துண்டாக வரும். இணைப்பு நேராக இல்லையென்றால் அடிநுனி பக்கத்துப் பையை உரசி ஓட்டையாக்கும். கேஜ் பற்றவைப்பில் ஒரு பிசிறு இருந்தால் துணிக்கு அதுவே போதும். கீழே இருந்து விளக்கடித்து ஒவ்வொரு வரிசையின் அடிநுனியையும் பார்க்க வேண்டும்.

அலட்சியத்தின் விலையைக் கணக்குப் போடலாம். 150 மில்லிமீட்டர் இழுப்பில் 5 சதுர சென்டிமீட்டர் ஓட்டை ஒன்று மணிக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சாம்பலைச் சுத்தப் பக்கம் தள்ளும். புகைபோக்கியில் அது ஏறத்தாழ 2 மில்லிகிராம். 6,500-இல் பதினைந்து பைகளில் இப்படி ஓட்டை விழுந்தால் 30-இன் கதை முடிந்தது. சுத்தப் பக்கம் சேர்ந்த சாம்பல் அடுத்த பல்ஸில் நல்ல பைகளுக்குள் இறங்கி, உள்ளிருந்து அடைக்கும். அதைக் கழற்றாமல் எடுக்க வழியில்லை. ஆகவே கூலியைப் பை எண்ணிக்கையில் பேசாமல் சோதனையில் தேறும் அறைக்குப் பேசுங்கள். ஒளிரும் தூளைச் சதுர மீட்டருக்கு 5 கிராம் கணக்கில் உள்ளே விட்டு, ஃபேனை நிறுத்தி, புறஊதா விளக்கில் டியூப் ஷீட்டைப் பார்க்கலாம். கசிந்த இடம் மினுங்கும். அடுத்த முறை வேறு நிறத் தூள் எடுங்கள், பழைய மினுங்கல் ஏமாற்றாது.

பல்ஸ் காற்று எண்ணெயும் ஈரமும் இல்லாமல் வர வேண்டும். கடலோர நிலையத்தில் டிரையர் நின்றால் கம்ப்ரஸர் வழியே நீர்தான் பைக்குள் போகும். டைமர் வைத்து இடைவிடாமல் பல்ஸ் கொடுக்காதீர்கள். துகளை உண்மையில் பிடிப்பது பை மேல் படியும் சாம்பல் அடுக்கு. அதைச் சுரண்டி எடுத்தால் நுண்துகள் துணிக்குள் புகுந்துவிடும். டிபி வரம்பைத் தொடும்போது மட்டும் கொடுத்தால் போதும்.

டெண்டரில் இவற்றையெல்லாம் எழுத வேண்டும்: 40, 55, 100 விழுக்காடு லோடுகளில் தனித்தனியாக உத்தரவாதம், குளிர்ந்த மூலையின் வெப்பநிலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை குளிர்ந்த பக்கத்திலிருந்தும் சூடான பக்கத்திலிருந்தும் தலா ஒரு பையைக் கழற்றி இழுவலிமையும் காற்று ஊடுருவலும் பார்ப்பது, உள்ளே இறங்கும் ஆட்களுக்கு ஆக்ஸிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையவில்லை என்ற அளவீடு, ஹாப்பர் காலி என்ற எழுத்து உறுதி, மேலே ஒரு காவல் ஆள். பை மாற்றும் ஷட்டவுனைக் காற்றுக் காலத்திலேயே வையுங்கள். எப்படியும் அப்போதுதான் யூனிட்டுக்கு ஓய்வு கிடைக்கிறது.

இப்படிக்கு,
ஆரல்வாய்மொழி, தோவாளை, நாகர்கோவில் பகுதி பை வடிகட்டிப் பராமரிப்புப் பணியாளர்கள்