யாரையும் கேட்க வைக்காதே

அன்புள்ள கதிருக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். ஐதராபாத்தில் இருந்தவரை பைக்கிலேயே சுற்றினவன், சென்னைக்கு வந்ததும் அதை விற்றுவிட்டு, சைதாப்பேட்டையில் ரூம் எடுத்து, 19ஆம் நம்பர் பஸ் பிடித்து சோழிங்கநல்லூர் ஆபீசுக்குப் போகிறேன் என்று போனில் சொன்னாய். அன்றிலிருந்து அம்மாவுக்குக் கவலை. "அந்தக் கூட்டத்துல எப்படிங்க போவான் புள்ள" என்று இன்னமும் கேட்கிறாள். எனக்கோ சந்தோஷம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுதான் உங்களை வளர்த்தேன். பல்லவன் என்று பேர் இருந்தபோது கண்டக்டராக வேலைக்குச் சேர்ந்து, அது மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஆன பிறகு ரிட்டயர் ஆனவன். விசிலும் தோல் பையுமாக நின்ற இடத்திலிருந்து பார்த்ததில், உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

பஸ்ஸில் யாருக்கு உதவி உண்மையிலேயே தேவையோ, அவர் பெரும்பாலும் வாய் திறந்து கேட்க மாட்டார். கர்ப்பமாகி இரண்டு மூன்று மாதம் ஆன பெண்ணுக்கு வயிறு தெரியாது, ஆனால் தலை சுற்றும். அறுபது வயதுக்காரர் "நான் என்ன கிழவனா" என்று கம்பியைப் பிடித்து விறைப்பாக நிற்பார். முட்டி வலி முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. எழுந்து இடம் கொடுங்கள் என்று நாலு பேர் முன்னால் கேட்பதற்கு ஒரு மனுஷன் உள்ளுக்குள் எவ்வளவு குறுகிப்போக வேண்டியிருக்கிறது தெரியுமா? அந்த நிலைமைக்கு யாரையும் நீ தள்ளக் கூடாது. அவர் கேட்கும் முன்னால் நீ செய்துவிட வேண்டும்.

15பி-யில் டியூட்டி பார்த்தபோது நடந்தது இது. பிராட்வேயிலிருந்து கோயம்பேடு போகும் வண்டி. சென்ட்ரல் எதிரில், அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் ஏறினார். நாற்பது வயதுகூட இருக்காது. இஸ்திரி போட்ட சட்டை, முழுக்கையை மடித்து விட்டிருந்தார். மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியபோது முழங்கைக்கு உட்பக்கம் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்டர் தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. எனக்கு முன்னால் அதைப் பார்த்தது சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு ஸ்கூல் பையன். "உட்காருங்க சார்" என்றெல்லாம் அவன் சொல்லவில்லை. அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கப்போகிறவன் மாதிரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து வாசல் பக்கம் போய்விட்டான். அவர் உட்கார்ந்தார். எழும்பூர் வந்தது, பையன் இறங்கவில்லை. கீழ்ப்பாக்கம் வந்தது, அப்போதும் இறங்கவில்லை. அமைந்தகரை வரைக்கும் வாசல் ஓரமாகவே நின்று வந்து இறங்கினான். தான் கடன்பட்டோம் என்ற நினைப்பே அவருக்கு வரக் கூடாது என்று அந்த வயதில் அவனுக்குத் தோன்றியிருக்கிறது. சர்வீஸில் நான் பார்த்த பெரிய மனுஷத்தனம் அதுதான். அவன் பேர்கூட எனக்குத் தெரியாது.

கண் தெரியாதவர்கள் ஸ்டாப்பிங்கில் நிற்கும்போதும் இப்படித்தான். பஸ் வரும் சத்தம் கேட்கும், நம்பர் தெரியாது. ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் நிற்பவரிடம் "இது எந்த பஸ்ங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீ பக்கத்தில் இருந்தால் "19, திருப்போரூர் வருது" என்று சத்தமாகப் படித்துவிடு. அவருக்குத்தான் சொல்கிறாய் என்றுகூடத் தெரிய வேண்டாம். ஏறும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதே. உன் முழங்கையை நீட்டினால் அவரே பிடித்துக்கொள்வார்.

2024இலிருந்து தாழ்தளப் பேருந்துகள் நிறைய விட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியோடு ஒருவர் ஏற வேண்டுமென்றால் சாய்வுப் பலகையை விரித்து, ஏற்றி, உள்ளே நிலையாக நிறுத்தி, மறுபடி மடிக்க வேண்டும். சில நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் ஒரு சிலர் "உச்" கொட்டுவார்கள், வாட்சைப் பார்ப்பார்கள். அந்த "உச்" அவர் காதில் விழும் கதிர். அடுத்த முறை வெளியே கிளம்பலாமா வேண்டாமா என்று அவர் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போதும் அது கேட்கும். நீ அந்தப் பக்கம் நிற்பவர்களை "கொஞ்சம் பின்னால வாங்க" என்று சொல்லி இடம் பண்ணிக் கொடு.

காசு கைமாறிப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது கண்டக்டர் கையில் மெஷின் இருக்கிறது, ஜி-பே கூட வந்துவிட்டது என்கிறார்கள். ஆனாலும் பீக் அவரில் கண்டக்டர் சீட்டை விட்டு நகர முடியாதபோது பழைய முறைதான் நடக்கும். முன்னால் இருந்து "ஒரு அடையாறு, பாஸ் பண்ணுங்க" என்று ஒரு நூறு ரூபாய் நோட்டு கிளம்பும். ஐந்தாறு கை மாறி என்னிடம் வரும். டிக்கெட்டும் மீதியும் அதே வழியில் திரும்பிப் போகும். கொடுத்தவரின் முகத்தை நானும் பார்த்ததில்லை, நடுவில் இருப்பவர்களும் பார்த்ததில்லை. அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனால் யாருக்கும் தெரியாது. போக மாட்டார்கள். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் கம்பி என்று நிற்கும் அம்மாகூட, பையைக் கால் நடுவில் இடுக்கிக்கொண்டு அந்தக் காசை வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பார். நீ ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றால் அந்தச் சங்கிலி உன்னிடம் அறுந்துவிடும். தோளை யாராவது தட்டும்வரை காத்திருக்காதே.

மீதி கூடுதலாக வந்தால் அப்போதே திருப்பிக் கொடு. டிப்போவில் கணக்கு முடிக்கும்போது குறைந்தால் அது கண்டக்டர் பாக்கெட்டிலிருந்துதான் போகும். எத்தனை ராத்திரி நான் அப்படிக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று அம்மாவைக் கேள்.

அப்புறம், பெண்கள் டிக்கெட். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வருகிறவருக்கும் அப்படியே. அதை வைத்து "ஓசி" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், என்னோடு வேலை பார்த்தவர்களிலும் இருந்தார்கள். எனக்கு அது பொறுக்காது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிற அம்மா, முன்னெல்லாம் போக வர பஸ்ஸுக்குக் கொடுத்த காசு மாசக் கடைசியில் ஒரு சிலிண்டருக்குப் பாதியாவது ஆகும். அது அவர்களுக்கு அரசு ஆணைப்படி வந்த உரிமை. உன் பக்கத்தில் யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் சண்டை போட வேண்டாம், "அப்படிச் சொல்லாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல். அந்தப் பெண்ணுக்குப் பதிலாக வேறு ஒருவர் அதைச் சொல்வது பெரிய விஷயம். தானே சொன்னால் வாய்த்தகராறு என்று ஆகிவிடும்.

படியில் மட்டும் நிற்காதே. நீ தினமும் போகிற அதே ரோட்டில், 2012 டிசம்பரில், பெருங்குடிப் பக்கம் படியில் தொங்கிக்கொண்டு போன மாணவர்கள் நான்கு பேர் லாரி மோதி இறந்துபோனார்கள். அன்றைக்கு டிப்போவில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. படியில் நிற்பவர்கள் எல்லாரும் வீரம் காட்டத்தான் நிற்கிறார்கள் என்று நினைக்காதே. வாசலில் எட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள், நடு பஸ்ஸில் மூன்று பேர் நிற்கிற இடம் காலியாகக் கிடக்கும். உள்ளே போனால் இறங்க முடியாதோ என்ற பயம். அதனால் பின்னால் ஏறுகிறவனுக்குப் படிதான் மிச்சம். நீ நேராக உள்ளே போய்விடு. ஒரு ஸ்டாப்பிங் முன்னாலேயே "இறங்கணுங்க" என்று சொன்னால் வழி விடாத ஆளை நான் பார்த்ததில்லை. லேப்டாப் பையை முதுகில் மாட்டாமல் முன்பக்கம் போட்டுக்கொள். உட்கார இடம் கிடைத்தால் எதிரில் நிற்பவரின் பையை நீயே கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்.

கடைசியாக, கஷ்டமான ஒன்று. பெண்கள் மேல் வேண்டுமென்றே இடிப்பது, உரசுவது. நீ பார்ப்பாய். 2022இல் தமிழ்நாட்டு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முறைத்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது எல்லாவற்றையும் குற்றமாக்கிவிட்டார்கள். சொல்லியும் கேட்காதவனை இறக்கிவிடவும் போலீஸில் ஒப்படைக்கவும் கண்டக்டருக்கு அதிகாரம் உண்டு. நீ முதலில் அந்தப் பெண்ணைப் பார்த்து "இந்தப் பக்கம் வாங்கம்மா" என்று இடம் விட்டு, நடுவில் போய் நின்றுகொள். பிறகு கண்டக்டரைக் கூப்பிடு. செல்போனைத் தூக்கிப் படம் எடுக்காதே, அந்தப் பெண்ணின் முகமும் அதில் விழும்.

ஆனால் அதோடு முடிவதில்லை. இந்த விதியெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னால், ஒரு சாயங்காலம் நானும் டிரைவரும் அப்படி ஒருவனை வண்டியோடு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். அடுத்த பஸ்ஸைப் பிடிக்க எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். அந்தப் பொண்ணு ஒரு ஓரத்தில் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றது. எழுதுகிறவர் "யாரு பார்த்தது?" என்று கேட்டார். பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா மட்டும் போகாமல் இருந்தார். கூடையை பெஞ்சில் இறக்கி வைத்துவிட்டு, "நான் பார்த்தேன், எழுதிக்கோங்க" என்றார். கூடை நிறைய மல்லி அரும்பு. சாயங்காலம் விற்றால்தான் காசு, ராத்திரி மலர்ந்துவிட்டால் பாதி விலைக்கும் போகாது. கைநாட்டு வைத்து முடிக்கும்வரை அந்த அம்மா கூடைப் பக்கம் திரும்பவே இல்லை. டிரைவரும் நானும் ஆளுக்கு இரண்டு முழம் வாங்கிக்கொண்டோம். அதற்கு மேல் எங்களால் ஒன்றும் முடியவில்லை.

உன்னிடம் அப்படி ஒரு நாள் வந்தால் ஆபீசுக்கு லேட் ஆனாலும் இருந்துவிட்டுப் போ. மேனேஜர் ஏதாவது சொன்னால் சொல்லட்டும், கதிர். நான் உன் பக்கம் இருக்கிறேன்.

மாச பாஸ் எடுக்கலாமா என்று கேட்டாயே, தினமும் போகிறவனுக்கு அதுதான் லாபம். ஆயிரம் ரூபாய் பாஸ் எடுத்துக்கொள், சில்லறைத் தொல்லையும் இல்லை. அம்மா பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் பார்சல் போட்டிருக்கிறாள், இரண்டு நாளில் வரும். உன் காலை வண்டியில் வருகிற கண்டக்டரிடம் எந்த டிப்போ என்று கேட்டு எழுது. அடையாறு டிப்போ என்றால் எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் அங்கே இருக்கிறார்கள், நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா