பச்சை விளக்கை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள்: நெட்வொர்க் ரேக்குகளின் எர்த் இணைப்பு குறித்து ஒரு திறந்த மடல்

பள்ளிகள், ஊராட்சி அலுவலகங்கள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவற்றில் இணையக் கருவிகளை நிறுவுவதற்கான ஒப்பந்தங்களைத் தயாரிக்கும் பொறியாளர்களுக்கும், முடிந்த பணியைப் பார்வையிட்டு ஏற்பளிக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் ஏற்பளித்த ரேக்குகள் (இணையக் கருவிகளைத் திருகி அடுக்கும் உலோகச் சட்டங்கள்) பழுதாகும்போது அழைக்கப்படுகிற தொழில்நுட்பப் பணியாளர்களில் நானும் ஒருவன். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்க வேண்டும் என்பது பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. அந்த இழை போய்ச் சேரும் இடத்தில் ஒரு சுவிட்ச், ஒரு ரூட்டர், ஒரு யுபிஎஸ், சில இடங்களில் கூரைமேல் ஒரு கம்பம் எனக் கருவிகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. கருவி என்ன மாடல், எத்தனை போர்ட், எவ்வளவு வேகம் என்பதற்கெல்லாம் ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக இடம் உண்டு. அதற்கு மின்சாரம் எப்படிப் போக வேண்டும், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வயர் எங்கே முடிய வேண்டும் என்பதற்கு ‘தகுந்த எர்த்திங்குடன்’ என்ற இரண்டு சொற்கள்தான். என் கோரிக்கை இந்த இரண்டு சொற்களைப் பற்றியது. எர்த் அளவுகளை எழுதித் தராத எந்த ரேக்கையும் ஏற்காதீர்கள். மின்வேலைக்கான தொகையைக் கருவி விலைக்குள் புதைக்காமல் தனி இனமாக எழுதுங்கள்.

ஒரு பள்ளியில் கண்டதைச் சொல்கிறேன். கணினி அறையின் ரேக்கைத் தொட்டால் ‘சுர்’ரென்று இழுக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்லிவந்தார்கள். டெஸ்டரை வைத்தால் ரேக்கின் சட்டத்தில் விளக்கு எரிந்தது. மல்டிமீட்டர் நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சுவிட்சும் சர்வரும் பச்சை விளக்கு எரிய, எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. சுவரிலிருந்த சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, மூன்றாவது துளைக்குப் பின்னால் திருகு மட்டும் இருந்தது. பச்சை வயர் பெட்டிக்குள் சுருட்டி விடப்பட்டிருந்தது. மறுமுனையைத் தேடிப்போனால் மெயின் போர்டிலும் அது எதிலும் சேரவில்லை. ‘தகுந்த எர்த்திங்’ அங்கே முடிந்துவிட்டது.

இதில் கருவி கெட்டுப்போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய பவர் சப்ளைகள் பெரும்பாலானவற்றில் மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காகப் பேஸிலிருந்து எர்த்துக்கும், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கும் சிறு கெப்பாசிட்டர்களை வைத்திருப்பார்கள். எர்த் வயர் இருந்தால் அவற்றின் வழியே கசியும் மிகச்சிறிய மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் இரண்டு கெப்பாசிட்டர்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட உலோகப் பெட்டி, 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதக்கும். ஒரு கருவியின் கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே இருக்கலாம். ஆனால் ஒரே ரேக்கில் பத்துக் கருவிகள் திருகப்பட்டிருந்தால் பத்தின் கசிவும் சேர்ந்து, ரேக்கைத் தொடுகிறவரின் உடல் வழியாகப் போகப் பார்க்கும். ‘லேசாகத்தான் இழுக்கிறது’ என்று விட்டுவிடுவதற்கு இடமே இல்லை. உள்ளே ஏதாவது ஒரு பவர் சப்ளையில் பேஸ் பெட்டியைத் தொட்டுவிட்டால், இழுத்துக்கொண்டிருந்த அதே சட்டத்தில் முழு 230 வோல்ட் வந்து நிற்கும்.

இந்தக் கசிவுக் கணக்கு வேறு விதத்திலும் தொல்லை தரும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவைக் கண்டால் ‘விழுந்து’ மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), அதன் பாதி அளவான 15 மில்லி ஆம்பியரைத் தாண்டியதுமே விழக்கூடும். விழுந்தால் அது அதன் குறை ஆகாது. முழு ரேக்கையும், அதோடு அறையின் விளக்கு, விசிறிகளையும் ஒரே ஆர்சிசிபியின் கீழ் கொடுத்தால் அது அடிக்கடி விழும். இரண்டு முறை விழுந்ததும் யாரோ ஒருவர் அதைத் தாண்டி வயரை நேராகக் கொடுத்துவிடுவார். கழற்றியவரைத் திட்டுவதைவிட, ரேக்குக்குத் தனிச் சுற்றும் தனி ஆர்சிசிபியும் வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதியிருக்கலாம்.

‘எம்சிபி இருக்கிறதே, பழுது வந்தால் அது விழாதா?’ என்று பல அலுவலர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எம்சிபி என்பது மின்னோட்டம் அளவு மீறினால் விழும் சுவிட்ச். கட்டடத்தின் எர்த் வயர் மண்ணில் போய் முடியும் எர்த் குழி 5 ஓம் தடை உடையது என்று வைத்துக்கொள்வோம். நம் மண்ணில் அது நல்ல குழிதான். பேஸ் முழுதாக எர்த்தைத் தொட்டாலும் 230ஐ 5ஆல் வகுத்தால் 46 ஆம்பியர்தான் ஓடும். மின்மாற்றிப் பக்கத்துத் தடையையும் சேர்த்தால் இன்னும் குறையும். ‘சி’ வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழ வேண்டுமானால் குறைந்தது 80 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். 46 ஆம்பியரில் அது சூடேறி விழ எத்தனையோ நொடிகள் ஆகலாம், அதுவரை ரேக்கில் மின்சாரம் இருக்கும். ஆகவே குழியை மட்டும் நம்பி நிறுவப்படும் இணைப்பில் ஆர்சிசிபி இல்லாமல் பாதுகாப்பு இல்லை. எர்த்திங் நடைமுறைக்கான ஐஎஸ் 3043 நம் கையில் இருக்கிறது. மத்திய மின்சார ஆணையம் 2023இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் இருக்கின்றன. குறைவாக இருப்பது அவற்றைக் களத்தில் கேட்பவர்கள்தான்.

எர்த் கிடைக்காத இடத்தில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடும் வழக்கத்தையும் பார்க்கிறேன். டெஸ்டர் எரியாது, யுபிஎஸ் எச்சரிக்கை ஒலியும் நின்றுவிடும், வேலை முடிந்ததாகத் தோன்றும். எங்கோ ஓரிடத்தில் நியூட்ரல் அறுந்தால், அல்லது மாற்றி இணைத்துப் பேஸும் நியூட்ரலும் இடம் மாறினால், ரேக்கே பேஸ் ஆகிவிடும். எர்த் இல்லாத ரேக்கைவிட இது ஆபத்தானது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ரேக் முழுதும் ஓடும்போது சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் ஒன்று, இரண்டு வோல்ட் இருப்பது இயல்பு. மெயின் போர்டிலிருந்து தொலைவிலுள்ள சாக்கெட்டில் துல்லியமாகப் பூஜ்யம் காட்டினால் மகிழ வேண்டாம், சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். பத்து, இருபது வோல்ட் என்று ஏறினால் நியூட்ரல் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கக்கூடும்.

ரேக்கின் உள்ளேயும் ஒரு வேலை இருக்கிறது. பவுடர் கோட்டிங் செய்த சட்டத்தில் கருவியைத் திருகினால் அது எர்த் ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். வண்ணப்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பூச்சைச் சுரண்டி, பல் உள்ள வாஷர் போட்டு முறுக்க வேண்டும், அல்லது கருவியின் பின்புறம் எர்த் குறியிட்ட திருகிலிருந்து ரேக்கின் செம்புப் பட்டைக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். அந்தத் திருகுக்கான லக் (வயர் முனையில் பொருத்தும் உலோக வளையம்) கருவியின் பெட்டியோடு வருகிறது. பிரிக்கப்படாத பிளாஸ்டிக் உறையுடன் ரேக்கின் அடியில் கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். மாட்டும்போது எர்த்தை முதலில் மாட்டு, கழற்றும்போது கடைசியில் கழற்று என்று நிறுவல் கையேடுகளில் எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். நம் பிளக்கின் எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதும் இதற்காகத்தான். அதை அறுத்து இரண்டு முனைச் சாக்கெட்டில் செருகுவது என்ன கணக்கோ தெரியவில்லை.

மின்னல் விஷயத்தில்தான் ஒப்பந்தங்களே தவறாக எழுதப்படுகின்றன. கூரைமேல் உள்ள கம்பத்துக்கு ஒரு குழி, கருவிகளுக்கு ‘சுத்தமான எர்த்’ என்று வேறொரு குழி, இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்று சில விவரக்குறிப்புகள் சொல்கின்றன. ஒரு மின்னலில் 30,000 ஆம்பியர் பாய்வது சாதாரணம். அதில் 10,000 மட்டுமே கம்பத்தின் 5 ஓம் குழிக்குள் இறங்கினாலும் அந்தக் குழியின் தலை, தொலைவிலுள்ள மண்ணோடு ஒப்பிட்டால், 50,000 வோல்ட்டுக்கு உயரும். கருவியின் குழி அப்படியே பழைய நிலையில் இருக்கும். இந்த வித்தியாசம் கம்பத்திலிருந்து இறங்கும் ஈதர்நெட் கேபிள் வழியாகச் சுவிட்சுக்குள் வந்து சமனாகப் பார்க்கும். அந்தப் போர்ட்டின் காப்போ 1,500 வோல்ட் சோதனைக்கு மட்டுமே செய்யப்பட்டது. எத்தனை குழி வேண்டுமானாலும் தோண்டுங்கள், எல்லாவற்றையும் தடித்த கடத்தியால் ஒன்றோடொன்று சேர்த்தாக வேண்டும். சர்ஜ் தடுப்பானையும் (திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே வையுங்கள். மின்பாதையில் வைக்கும் தடுப்பானின் இணைப்பு வயர்கள் மொத்தம் அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. அழகுக்காக வயரைச் சுருட்டி வளைத்து விடும் ஒவ்வொரு மீட்டரும் மின்னலின் வேகத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட்டைச் சேர்க்கும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பு கேபிளைக் கொண்டுபோகவே வேண்டாம், இழை போதும். அந்த இழைக் கேபிளுக்கு உலோகக் கவசம் இருந்தால் அதை நுழைவிடத்திலேயே எர்த் செய்ய வேண்டும்.

48 வோல்ட் டிசியில் ஓடும் கருவிகள் உள்ள இடங்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. அங்கே எர்த் ஆவது பாசிட்டிவ் முனை, நெகட்டிவ்தான் ‘சூடான’ வயர். வீட்டு வயரிங் பழக்கத்தில் வந்தவர் இதைத் தலைகீழாக மாட்டுவார். ஏசிக்கான எம்சிபியை அங்கே போடுவதும் கூடாது, ஏனெனில் டிசியின் தீப்பொறி தானாக அணையாது.

ஏற்புப் படிவத்தில் நான் கேட்பது இவ்வளவே. எர்த் மெக்கரில் அளந்த குழியின் தடை, அளந்த தேதி, அன்று மண் ஈரமா காய்ந்ததா என்ற குறிப்பு. ரேக் சட்டத்திலிருந்து மெயின் எர்த் பட்டை வரை வயரின் தடை. ரேக் முழுச்சுமையில் ஓடும்போது நியூட்ரல், எர்த் இடையிலான வோல்ட். ஆர்சிசிபி விழுந்த மின்னோட்டம். இவற்றை அளந்த, வயர்மேன் உரிமம் உள்ளவரின் கையெழுத்து. சாக்கெட்டின் பின்புறத்தையும் குழியின் தலையையும் மூடுவதற்கு முன் எடுத்த படங்களை இணைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மூடியபின் எல்லாக் குழியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போதும் இதே அளவுகளை ஒருமுறை எடுக்க வேண்டும்; மெயினைத் துண்டித்ததும் நியூட்ரலும் சேர்ந்து துண்டாகி, எர்த்தோடு தொடர்பு இழக்கும் யுபிஎஸ்கள் உள்ளன.

ஏற்கெனவே ஏற்பளித்த இடங்களில், வடகிழக்குப் பருவமழையின் இடி தொடங்கும் முன், செப்டம்பருக்குள் இந்த அளவுகளை எடுக்க உத்தரவிடுங்கள். கூரைமேல் கம்பம் உள்ள கட்டடங்களிலிருந்து தொடங்கலாம். கரியும் உப்பும் போட்ட பழைய குழிகளில் ஜிஐ பைப் அரித்துப் போயிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அளவு மோசமாக வந்தால் தண்ணீர் ஊற்றி எண்ணைக் குறைத்துக் காட்டுவதை ஏற்காமல், புதுக் குழிக்கான மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்புப் பணியில் உள்ள ஒரு தொழில்நுட்பப் பணியாளர்