சிறைக் கண்காணிப்பாளர்களுக்கு: அந்த உறுதிமொழிக்கு நேரம் மிகக் குறைவு

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். விசாரணைக் கைதி ஓட்டுப் போட முடியாது, ஆனால் தேர்தலில் நிற்கலாம். வேட்பாளர் சிறையில் இருந்தால், அரசமைப்புச் சட்டத்தின் 84(அ), 173(அ) உறுப்புகள் கேட்கும் உறுதிமொழியை (அரசமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்று வேட்பாளர் சொல்வது) உங்கள் முன் எடுக்கலாம். தேர்தல் ஆணையம் அந்த அதிகாரத்தை உங்களுக்குத் தந்திருக்கிறது.

இதில் சிக்கல் எல்லாம் நேரத்தில்தான். 'வேட்பாளராக நியமிக்கப்பட்டுள்ள நான்' என்றே வாசகம் தொடங்குவதால், தேர்தல் நடத்தும் அலுவலரிடம் வேட்புமனு போய்ச் சேர்ந்த பிறகே உறுதிமொழி எடுக்க வேண்டும். வேட்புமனுப் பரிசீலனை நாள் பிறப்பதற்குள் முடித்தும் ஆக வேண்டும். பரிசீலனையன்று காலையில் எடுத்தால் செல்லாது. 1968-இல் உச்ச நீதிமன்றம் பசுபதிநாத் சிங் வழக்கில் சொன்னது இதுதான். மனுவுக்குக் கடைசி நாள் புதன் என்று வையுங்கள். முன்மொழிபவர் பிற்பகல் 2.50-க்கு மனுவைக் கொடுக்கிறார். வியாழன் பரிசீலனை. உங்களுக்கு இருப்பது புதன் நள்ளிரவு வரைதான், அதற்கு நடுவில் மாலை லாக்கப் வேறு. கைதிகளை அடைத்துவிட்டோம், நாளை பார்க்கலாம் என்றால் வேட்பாளரின் கதை முடிந்தது.

ஆகவே படிவத்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்: மக்களவைக்கு மூன்றாம் அட்டவணையின் 3-அ, சட்டமன்றத்துக்கு 7-அ. இரண்டையும் மாற்றி வைத்துவிடாதீர்கள். கடவுள் பெயரால் ஆணையிடுவதா, உளமார உறுதி கூறுவதா என்பதை வேட்பாளரிடமே கேளுங்கள். அவர் வாய்விட்டுப் படித்து, உங்கள் முன் கையெழுத்திட வேண்டும். வெறும் கையெழுத்து வாங்கிக்கொள்வது உறுதிமொழி ஆகாது. எத்தனை மனு போட்டிருந்தாலும் ஒருமுறை போதும். முடிந்ததும், அவர் கேட்காமலேயே, தேதியும் மணியும் குறித்த சான்றிதழைக் கொடுங்கள். மணியை விட்டுவிட்டால் அடுத்த நாள் வாதமே அதில்தான் நடக்கும். ஆணையத்தின் அறிவிக்கையில் உள்ள பதவிப்பெயர் கண்காணிப்பாளர். அதனால் நீங்கள் விடுப்பில் போவதானால், உங்கள் இடத்தில் இருப்பவருக்கான பொறுப்பு ஆணையை எழுத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

சொத்து, வழக்கு விவரம் தரும் படிவம் 26 வேறு. அந்தப் பிரமாணப் பத்திரத்தில் சான்றொப்பமிட உங்களுக்கு அதிகாரம் இல்லை. முதல் வகுப்பு நீதித்துறை நடுவரோ நோட்டரியோ உறுதிமொழி ஆணையரோ வேண்டும். அது கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால், நோட்டரி உள்ளே வர அனுமதி கேட்டு மனு வந்தால் அன்றே உத்தரவு போடுங்கள்.

இப்படிக்கு,
தேர்தல் சட்டத்தில் பணிபுரியும் வழக்கறிஞர்கள்