சுபேதார் சுப்பிரமணியன் நினைவுக் கூட்டத்துக்கு கை குடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரி 24 சாயங்காலம் நம்ம நூலகத்துல வச்ச கூட்டம் நல்லபடியா முடிஞ்சது, சேர் பத்தாம செவுத்தோரமா நின்னுக்கிட்டே கடைசி வரைக்கும் கேட்டீங்க பாருங்க, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

வர முடியாதவங்களுக்காக சொல்லிடறேன். சுப்பிரமணியன் ஐயா நம்ம காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கிற ராணுவ என்ஜினியர் படையில சுபேதார். ரெண்டாம் உலகப்போர்ல, இத்தாலியில கசினோ சண்டை நடந்துட்டிருந்தப்ப, 1944 பிப்ரவரி 24, மிஞ்ஞானோங்கிற ஊர்கிட்ட கண்ணிவெடி எடுக்கிற வேலையில இருந்தாங்க, அப்ப ஒரு வெடி மிதிபட்டுருச்சு, கூட இருந்தவங்கள காப்பாத்த ஐயா அது மேலயே பாய்ஞ்சு விழுந்துட்டார். அதுலயே உயிர் போயிருச்சு. அதுக்குத்தான் அவர் இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ்ங்கிற பிரிட்டிஷ் வீர மெடல் குடுத்தாங்க, பழைய மெடலுக்கு பதிலா மாத்திக் குடுக்காம நேரடியா ஜார்ஜ் கிராஸே அறிவிக்கப்பட்ட முதல் இந்தியர் அவர்தான்.

இத நான் சொன்னா நாலு வரியில முடிஞ்சிரும். ஆனா பெங்களூரு அல்சூர் சென்டர்ல ட்ரெயினிங் எடுத்து சாப்பர்ஸ்லயே சர்வீஸ் போட்ட நம்ம ரிட்டயர்டு ஹவில்தார் அண்ணன், ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பாவ கையில வச்சுக்கிட்டு பிள்ளைங்களுக்கு புரிய வச்சாரே, அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ஜெர்மன்காரங்க புதைச்ச எஸ் மைன்ங்கிற கண்ணிவெடி மிதிச்ச உடனே வெடிக்காது, ஏறக்குறைய நாலு செகண்ட் கழிச்சு தரையில இருந்து இடுப்பு உயரத்துக்கு எகிறி வெடிக்கும், உள்ள இருக்கிற முன்னூத்துக்கு மேல இரும்பு குண்டு நாலா பக்கமும் சிதறும். அண்ணன் ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணச் சொன்னார், பிள்ளைங்க எண்ணுனாங்க. தரையோட தரையா படுத்திருந்தா ஐயா மட்டும் பிழைக்க வழி இருந்துச்சு, அது ஒரு சாப்பருக்கு தெரியாம இருக்காது, தெரிஞ்சும் அவர் வெடி பக்கமா போனாருன்னு அண்ணன் சொன்னப்ப அவருக்கே குரல் கம்மிருச்சு.

ஏன் விக்டோரியா கிராஸ் இல்லன்னு ஒரு தம்பி கேட்டான், நல்ல கேள்வி. எதிரி நேர்ல நிக்கிறப்ப காட்டுற வீரத்துக்கு அது, அப்படி இல்லாத இடத்துல காட்டுற வீரத்துக்குன்னு 1940ல ஆறாம் ஜார்ஜ் மன்னர் கொண்டு வந்தது ஜார்ஜ் கிராஸ், மதிப்புல ரெண்டும் சமம்தான்னு ஹிஸ்டரி மேடம் தெளிவா சொல்லிட்டாங்க. நன்றி மேடம். இத்தாலியில மட்டும் 5,700க்கு மேல இந்திய வீரர்கள் இறந்திருக்காங்கன்னு நீங்க சொன்னப்ப கூட்டமே அமைதியாயிருச்சு. அதுல நம்ம மாவட்டத்துக்காரர் ஒருத்தர் இருக்கார்ங்கிறது நம்ம பிள்ளைங்க பாதிப் பேருக்கு தெரியாம வளர்றாங்களேன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம், அதனாலதான் இவ்ளோ பிடிவாதமா எல்லாரையும் தொந்தரவு பண்ணேன்.

ஹால் குடுத்த லைப்ரரியன் சார், பேனருக்கு காசே வாங்க மாட்டேன்னு சொன்ன பிரஸ்கார தம்பி, சேருக்கு வாடகை வேணாம்னுட்டு தானே தூக்கிட்டு வந்து போட்ட பந்தல்கார அண்ணன், சுண்டல் அவிச்சுக் குடுத்த மகளிர் குழு அக்காங்க எல்லாருக்கும் மனசார நன்றி. பேனர் இப்போதைக்கு நூலகத்துலயே இருக்கு, உங்க ஸ்கூல்ல வைக்கணும்னா லைப்ரரியன் சார்கிட்ட சொல்லிட்டு எடுத்துட்டு போங்க, ஹவில்தார் அண்ணனும் கூப்பிட்டா வரேன்னு சொல்லியிருக்கார்.