கிளாஸ்கோ நைட் டூட்டியிலிருந்து தம்பிக்கு

கிளாஸ்கோ,
ஜூன் மாதம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை அம்மாவுக்கும் படித்துக் காட்டு. பாதி விஷயம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியது.

இங்கே இப்போது கோடை. கோடை என்றால் நம் வேலூர் வெயில் இல்லை, ஸ்வெட்டர் போடாமல் வெளியே போக முடிகிற நாட்கள், அவ்வளவுதான். ஆனால் வெளிச்சம்! இரவு 10 மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, காலை 4.30க்கெல்லாம் மறுபடி உதித்துவிடுகிறது. டிசம்பரில் இதற்கு நேர் எதிர், மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். எனக்கு நைட் டூட்டி மாலை 7.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணி வரை. பஸ் பிடித்து அறைக்கு வந்து படுத்தால், ஜன்னலில் பட்டப்பகல், கூரை மேல் கடற்காக்கைகளின் கத்தல். தடித்த கறுப்புத் திரை வாங்கி மாட்டிய பிறகுதான் ஓரளவு தூங்குகிறேன். என்னுடன் தங்கியிருக்கும் கோட்டயத்துக்காரச் சேச்சிகள் நான் தூங்கும்போது சமையலறையில் தாளிப்புகூடப் போடுவதில்லை. அந்த மரியாதையைத் தூக்கத்துக்கு நம் வீட்டிலும் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வீட்டுக்குப் பக்கத்தில் மாநகராட்சி நடத்தும் ஜிம் ஒன்று இருக்கிறது. லீவு நாட்களில் போகிறேன். எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், நன்றாகத் தூங்கிய வாரத்தில் சுலபமாக வருகிறது; தொடர்ந்து நைட் பார்த்த வாரத்தில் அதே எடையில் முழங்காலை நடுங்க வைக்கிறது. சாப்பாடு அதேதான், பயிற்சியும் அதேதான்.

கிளைட் ஆற்றங்கரையில் ஒரு பெரிய அரங்கம் இருக்கிறது. 2014 காமன்வெல்த் போட்டியில் நம் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் பளுதூக்குதலில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியது அங்கேதான். எடை மாட்டிய கம்பியை, அதாவது பாரை, ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச்சில் 149, தோள் வரை தூக்கிப் பிறகு தலைக்கு மேல் தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உன் நினைவுதான் வரும். நீயும் அதே ஊரில்தானே பார் பிடிக்கக் கற்றுக்கொண்டாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதமாக ஸ்நாட்ச் ஏறவில்லை, புது புரோட்டீன் பவுடர் வாங்கப் பணம் அனுப்பு என்று கேட்டிருந்தாய். பணம் பிரச்சினை இல்லை. ஆனால் நீ நேதாஜி மார்க்கெட்டில் பெரியப்பா கடைக்கு லோடு இறக்க இரவு 2 மணிக்கு எழுகிறாய். படுப்பதோ 11 மணிக்கு, அதுவும் போனோடு. மூன்று மணி நேரத் தூக்கத்தில் எந்தப் பவுடரும் தசையாகாது தம்பி.

பயிற்சியின்போது தசை வளர்வதில்லை, அப்போது அதற்கு அடிதான் விழுகிறது. அதைச் சரிசெய்து தடிமனாக்கும் வேலை பெரும்பாலும் ஓய்விலும் தூக்கத்திலும் நடக்கிறது. படுத்த கொஞ்ச நேரத்தில் வருகிற ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரக்கிறது. ஆஸ்திரேலியாவில் இளம் ஆண்களையும் பெண்களையும் ஒரே ஒரு இரவு முழுக்க விழிக்க வைத்து அளந்தார்கள். தசை புதுப் புரதம் கட்டும் வேகம் 18 சதவீதம் குறைந்தது. தசையைக் கரைக்கும் கார்ட்டிசால் 21 சதவீதம் கூடியது, தசையை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் 24 சதவீதம் இறங்கியது. சிகாகோவில் இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டதில், பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. உன் தூக்கம் அதைவிடக் குறைவு.

எடைப் பிரிவுக்காக இரண்டு கிலோ இறக்கப் போவதாகச் சொன்னாயே, அதுதான் எனக்கு அதிகக் கவலை. அதே சிகாகோவில், உடல் பருத்தவர்களுக்கு ஒரே அளவு குறைந்த சாப்பாடு கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்க வைத்தார்கள். இரண்டிலும் சுமார் மூன்று கிலோதான் இறங்கியது. நன்றாகத் தூங்கியபோது அதில் பாதி கொழுப்பு. தூக்கம் குறைந்தபோது கொழுப்பு 0.6 கிலோதான், மீதி எல்லாம் தசை முதலானவை. தூங்காமல் நீ எடை இறக்கினால், பார் தூக்கவேண்டிய தசையைத்தான் கரைத்துக்கொண்டு மேடை ஏறுவாய்.

ஒரு ஆறுதலும் உண்டு. அமெரிக்காவில் தேசிய தரத்து கல்லூரி லிஃப்டர்களை ஒரு நாள் முழுக்கத் தூங்கவிடாமல் ஸ்நாட்ச்சும் ஸ்குவாட்டும் செய்யச் சொன்னபோது, அவர்கள் தூக்கிய எடை குறையவில்லை. சோர்வும் மனக்குழப்பமும்தான் கூடின. அதனால் போட்டிக்கு முந்தின இரவு படபடப்பில் தூக்கம் வராவிட்டால் பயப்படாதே. அடுத்தடுத்து வருகிற குறைத் தூக்கம்தான் ஆளைச் சாய்க்கிறது. மூன்று இரவு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கியவர்களுக்கு பெஞ்ச் பிரஸ், லெக் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றும் இறங்கின. கையை மட்டும் மடக்கித் தூக்கும் பைசெப்ஸ் கர்லில் அதிகபட்ச எடை மட்டும் தாக்குப்பிடித்தது. உனக்கோ முழு உடம்பும் சேர்ந்து தூக்க வேண்டிய விளையாட்டு.

நான் யோசித்தது இது. லோடு வேலைக்கு வாரத்தில் சில நாளாவது வேறு பையனை வைக்கச் சொல்லி பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன். கூலி நான் தருகிறேன், பவுடர் காசு அதற்குப் போகட்டும். மற்ற நாட்களில் 8 மணிக்கே சாப்பிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படு. மார்க்கெட்டிலிருந்து வந்ததும் ஒன்றரை மணி நேரம் தூங்கு. அறை புழுக்கமாக இருந்தால் இரவில் மொட்டை மாடியில் கொசுவலை கட்டிக்கொள். உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். மதியத்துக்குப் பிறகு டீ, காபி வேண்டாம், பயிற்சிக்கு முன் கடையில் குடிக்கிற ஸ்டிராங் டீயும்தான். படுக்கும் முன் பால் குடி, அதில் இருக்கும் புரதம் மெதுவாக ஜீரணமாகி இரவெல்லாம் தசைக்குக் கிடைக்கும்.

மாஸ்டரிடமும் சொல். லோடு இல்லாத இரவுக்கு அடுத்த நாள் கனமான எடைகளை வைக்கச் சொல். அரைத்தூக்கத்தில் பாரைத் தலைக்கு மேல் நிறுத்தாதே. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் பள்ளி வயது விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் காயம் 1.7 மடங்கு என்று படித்ததிலிருந்து எனக்கு உன் தோள்பட்டை நினைப்புதான்.

அம்மா, இவன் பகலில் தூங்கினால் "சோம்பேறி" என்று யாரும் எழுப்ப வேண்டாம். கதவைச் சாத்தி வையுங்கள், குக்கர் விசில் அதற்குப் பிறகு வரட்டும்.

திரைத்துணி ஒன்று அனுப்புகிறேன், உன் ஜன்னலின் அளவை வாட்ஸ்அப்பில் போடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன்.

அன்புடன்,
அக்கா