சூடு என்ஜினிலா, வயரிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கனரக இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். பட்டுக்கோட்டைப் பக்கம் எந்த மண் அள்ளும் இயந்திரமானாலும் அதற்குப் பெயர் பொக்லைன்தான். 1998-ல் சிங்கப்பூர் வந்தது முதல் அந்தப் பொக்லைன்களுக்கு அடியில் படுத்தே என் காலம் ஓடிவிட்டது. பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. சென்ற மாதம் துவாஸ் பக்கம் ஒரு வேலையிடத்தில் கண்டதை எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

மண் அள்ளும் 20 டன் எக்ஸ்கவேட்டர். என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டதென்று திரையில் சிவப்பு விளக்கு, காதைக் கிழிக்கும் எச்சரிக்கை ஒலி, என்ஜின் வேகம் தானாகக் குறைகிறது. ஐந்து நாளில் இரண்டு முறை வெப்பநிலை சென்சாரை மாற்றிவிட்டார்கள். அதன் பிறகும் அதே கதை என்றதும் பழி ஓட்டுநர் தலையில் விழுந்தது. புதுக்கோட்டைத் தம்பி, வந்து ஓராண்டுதான் ஆகிறது. "கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்) அளவைப் பார்க்காமல் ஓட்டி என்ஜினைக் கெடுத்துவிட்டான்" என்று மேற்பார்வையாளர் எழுதியே கொடுத்துவிட்டார். சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற கவலையில், சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் இயந்திரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"திரையில் சூடு எப்போது ஏறுகிறது, தம்பி?" என்று கேட்டேன்.

"பக்கெட் நிறைய மண்ணை அள்ளித் தூக்கும்போது, அண்ணே. பட்டென்று ஏறும். கீழே இறக்கியதும் பட்டென்று இறங்கிவிடும்."

இதை அவன் முதல் நாளே சொல்லியிருக்கிறான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த இரண்டு 'பட்டென்று'களில்தான் விடை இருந்தது. வீட்டில் உலை வைப்பவரைக் கேளுங்கள், தண்ணீர் எவ்வளவு நேரத்தில் கொதிக்கிறது என்று. அந்த என்ஜினுக்குள் ஓடும் கூலண்ட் 20 லிட்டருக்கு மேல். கண் சிமிட்டும் நேரத்தில் அது 30 டிகிரி ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. அப்படிக் குதிப்பது மின்சாரம்தான்.

இந்தச் சென்சார் சூடு ஏற ஏற மின்தடை குறைகிற ஒரு சின்னப் பொருள். குளிர்ந்திருக்கும்போது சில ஆயிரம் ஓம் இருப்பது, என்ஜின் நன்கு சூடானதும் சில நூறுக்கு வந்துவிடும். சரியான அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், கையேட்டில் இருக்கும். என்ஜினின் கணினியான கட்டுப்பாட்டுப் பெட்டி அதற்கு 5 வோல்ட் கொடுத்து, எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பார்த்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. வயர் அறுந்துபோனால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். பெட்டி அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். கழித்தல் 40 டிகிரி என்று காட்டிய இயந்திரங்களைப் பார்த்திருக்கிறேன், துவாஸ் வெயிலில்! வயரின் தோல் உரிந்து இரும்பில் பட்டாலோ வோல்ட் சுழியத்துக்கு இறங்கும். பெட்டிக்கு அது கொதிக்கும் சூடு.

பெட்டி பதிவு செய்துவைக்கும் கோளாறு எண்ணும் இதைத்தான் சொல்கிறது. கனரக இயந்திரங்களுக்கான ஜே 1939 என்ற பொதுமுறையில் 110 என்றால் கூலண்ட் வெப்பநிலை. அதன் பக்கத்தில் வரும் எண்ணைப் படிக்க வேண்டும். 0 என்றால் நிஜமாகவே சூடு. 3 என்றால் வோல்ட் அளவுக்கு மேல். 4 என்றால் அளவுக்குக் கீழ். அன்று பதிவாகியிருந்தது 110, 4. முதல் எண்ணைப் பார்த்ததும் புது சென்சார் வாங்கக் கடைக்கு ஆள் அனுப்பியவர் இரண்டாவதைப் படிக்கவே இல்லை.

சென்சாரின் பிளக்கைக் கழற்றினேன். திரை கடுங்குளிருக்குப் போனது, அது சரி. பிறகு வயர்க்கட்டைப் பிடித்து ஓரிடத்தில் ஆட்டினேன். கழற்றிப்போட்ட சென்சார் என் சட்டைப்பையில் இருக்க, திரையில் என்ஜின் கொதித்தது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

என்ஜினின் பின்புறம் வயரைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப்பின் ரப்பர் தேய்ந்து உதிர்ந்திருந்தது. பாரம் ஏறும்போது என்ஜின் தன் ரப்பர் தாங்கிகளில் கொஞ்சம் சாயும். சாயும்போதெல்லாம் வயர் கிளிப்பின் விளிம்பில் உரசி, நகக்கண் அளவுக்குத் தோல் போய்விட்டது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. இந்த ஊர் ஈரப்பதம் யாரை விட்டது? வயரை வெட்டி ஒட்டி, உறை போட்டு, புது கிளிப் மாட்ட ஒரு மணி நேரம் ஆனது.

அதற்காக எச்சரிக்கை வந்தாலே பொய் என்று நினைத்துவிடக் கூடாது. கூலண்ட் ஒழுகிக் குறைந்துபோனால் சென்சார் நீரில் நனையாமல் வெறும் காற்றில் நிற்கும். அப்போது அது சாதுவாக 70, 75 என்று காட்டிக்கொண்டிருக்க, என்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். இதைவிட மோசமான ஒன்றையும் கண்டேன். கைமாறி வந்த ஒரு பழைய வீல் லோடரில், சென்சாருக்குப் பதிலாக மின்தடை மாறாத ஒரு ரெசிஸ்டரை முறுக்கிக் கட்டி, எப்போதும் நடுவிலேயே முள் நிற்கும்படி செய்துவைத்திருந்தார்கள். அதைச் செய்தவரும் ஒரு மெக்கானிக்காகத்தான் இருக்க வேண்டும். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வேலையிடங்களை நடத்துவோரிடம் நான் கேட்பது பெரிதல்ல. காலையில் என்ஜினை முடுக்குமுன் சாவியை மட்டும் திருப்பி, கூலண்ட், உள்ளிழுக்கும் காற்று இரண்டின் வெப்பநிலையையும் திரையில் பார்க்கச் சொல்லுங்கள். இரவெல்லாம் நின்ற இயந்திரத்தில் இரண்டும் 26, 27 என்று ஒட்டியே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 50 என்றால், மண்ணள்ளப் போகுமுன்பே தெரிந்துவிடும். அன்றாடச் சோதனைத் தாளில் இதற்கு ஒரு வரி போதும். அந்த வரி தமிழிலும் வங்காளத்திலும் சீனத்திலும் இருக்கட்டும். ஓட்டுநர் என்ன கண்டார், எப்போது கண்டார் என்று எழுத இன்னொரு வரி வேண்டும். வெளியில் வெப்ப அழுத்த அளவு 32-ஐத் தொட்டால் கடும் உடலுழைப்பு செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு என்று மனிதவள அமைச்சு 2023-ல் விதி கொண்டுவந்தது. மனிதருக்கான வெப்பமானியை இவ்வளவு கவனமாகப் பார்க்கும் நாம், இயந்திரத்தின் வெப்பமானியைச் சரிபார்க்காமலே ஒருவனைக் குற்றவாளியாக்கிவிடுகிறோம்.

இயந்திரம் மறுநாளே வேலைக்குப் போய்விட்டது. தம்பியைப் பற்றி எழுதிக்கொடுத்த அந்தத் தாளை மட்டும் இன்னும் திரும்பப் பெறவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் பார்த்தபோது சொன்னான்.

இப்படிக்கு,
கனரக இயந்திர மெக்கானிக் ஒருவர்,
ஜூரோங் வெஸ்ட்