கையெழுத்து நான் போடுகிறேன்

பாளையங்கோட்டை,
ஆனி மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் பிள்ளை தம்பிக்கு வாடகை வீடு அமைந்துவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று இரவாவது நீயும் மதினியும் நிம்மதியாகத் தூங்குங்கள். மகாராஜநகர் உழவர் சந்தைக்கு நடந்தே போய்விடலாம். மாடி வீடு, ஒரு படுக்கையறை, ஹால், காற்றோட்டமான சமையலறை. வாடகை 8,000 ரூபாய். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இதைவிடக் குறைவாகக் கிடைத்தது. ஆனால் சிந்துபூந்துறை, கைலாசபுரம் தெருக்களில் 2023 டிசம்பர் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆற்றை ஒட்டி, அதுவும் தரைத்தளத்தில், அவனை வைக்க மனம் வரவில்லை.

அவன் வாடகைக்கு என்னை ஜாமீன் நிற்கச் சொல்லிக் கேட்க மனம் கூசுகிறது என்று எழுதியிருந்தாய். எதற்குக் கூச்சம்? கையெழுத்து நான் போடுகிறேன். அதை எப்படிப் போடுவது என்பதைப் பற்றித்தான் உன்னிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

வீடு தேடியபோது ஒன்று தெரிந்தது. நம் ஊரில் வீட்டுக்காரர்கள் இதுவரை 'யார் வீட்டுப் பிள்ளை, எங்கே வேலை, எத்தனை பேர்' என்றுதான் கேட்பார்கள். ஜாதியையும் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அந்த வழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பது எனக்கு மனவருத்தம். இப்போது அவற்றோடு, வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் சிபிலும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பெருமாள்புரத்தில் நல்ல வீடு ஒன்று பார்த்தேன். சென்னையில் இருக்கும் வீட்டுக்காரரின் மகன் தொலைபேசியிலேயே சிபில் அறிக்கை வேண்டும் என்றான். தம்பியின் கோயம்புத்தூர்க் கடை மூடியதையும், கடன் தவணை நின்றுபோனதையும், பிறகு வங்கியோடு பேசி ஒரு தொகைக்கு முடித்ததையும் மறைக்காமல் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டான். வங்கிக் கடனில் தவறியவன் வாடகையிலும் தவறுவான் என்று எப்படி முடிவு கட்டுகிறார்கள்? அந்தக் கடை ஓடாத காலத்திலும் அவன் கடைக்கு வாடகை பாக்கி வைக்கவில்லையே! அதை எந்த அறிக்கையில் பார்ப்பது?

இப்போது அமைந்திருக்கும் வீட்டின் அம்மா வேறு மாதிரி. கணவர் இல்லை. மாடி வாடகையில்தான் மருந்து, மளிகை எல்லாம். முன்பு குடியிருந்தவர் பல மாத பாக்கியோடு இரவோடு இரவாகக் காலி செய்துவிட்டார். அதனால் 50,000 அட்வான்ஸ் கேட்டார். தம்பியின் நிலைமையை அவரிடமும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் தரவில்லை என்றால் நான் யாரிடம் போய் நிற்பது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தவறு? ஆள் கெட்டவனா நல்லவனா என்பதல்ல அவர் கவலை. ஐந்தாம் தேதி பணம் வருமா என்பதுதான். "என்னிடம் வாருங்கள் அம்மா" என்றேன். அட்வான்ஸை மூன்று மாத வாடகையாக, 24,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டமும், வேறு விதமாக ஒப்பந்தம் செய்யாவிட்டால், மூன்று மாத வாடகைதான் உச்சம் என்கிறது.

நீ ஒரு வருட வாடகையை மொத்தமாக அனுப்பிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அது வேண்டவே வேண்டாம். பணம் அந்த அம்மாளிடம் போனால் ஏதாவது ஒரு செலவில் கரைந்துவிடும். தம்பிக்கோ, எல்லாவற்றையும் அப்பா கட்டிவிட்டார் என்ற எண்ணம் வந்துவிடும். ஜாமீன் என்றால் மாதாமாதம் கட்டுகிறவன் அவன்தான். நான் பின்னால் நிற்பேன், அவ்வளவுதான்.

வாயால் சொன்னாலே போதும், நம் ஊரில் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது என்பாய். இருக்கிறது, சட்டத்திலும் இருக்கிறது. 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 126 ஆவது பிரிவு, ஜாமீன் எழுத்தாகவும் இருக்கலாம், வாய்ச்சொல்லாகவும் இருக்கலாம் என்கிறது. 128 ஆவது பிரிவின்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், கடன்பட்டவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. திண்ணையில் உட்கார்ந்து "நான் இருக்கிறேன்" என்று சொன்னால் வாடகை, கரண்டு பில், உடைந்த குழாய், காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவு எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடும். எழுதினால்தான் எல்லை போட முடியும். வங்கியில் இருந்த காலத்தில், எதற்கு, எவ்வளவுக்கு, எதுவரைக்கும் என்று படித்துப் பார்க்காமல் நண்பனுக்காகக் கையெழுத்துப் போட்டு, பிறகு அந்த நண்பனின் முகத்தில் விழிக்க முடியாமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் போனதை அவர்கள் ஒருவாறு ஆற்றிக்கொண்டார்கள். நட்பு போனதைத்தான் கடைசிவரை சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

வீட்டிலும் இதைப் பேசினோம். என் மனைவியின் அப்பா அம்பாசமுத்திரத்தில் யாருக்கோ ஜாமீன் நின்று நஞ்சையை விற்ற கதை உனக்குத் தெரியும். முதலில் முகம் வாடிவிட்டது. ஆறு மாத வாடகை, அதாவது 48,000 ரூபாய்க்கு மேல் என் பொறுப்பு இல்லை என்று எழுதப்போவதைக் காட்டினேன். "அந்தத் தொகை போனாலும் நம்மால் தாங்க முடியும், போடுங்கள்" என்றாள். திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகைக்குத்தான் ஜாமீன் நிற்க வேண்டும் என்பதில் அவளும் நானும் ஒரே மனது.

ஒப்பந்தம் 11 மாதத்துக்கு. புதுப்பித்தால் என் ஜாமீன் தானாக நீளாது. நான் புதிதாகக் கையெழுத்திட வேண்டும். வாடகையை உயர்த்துவதாக இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும். என் சம்மதமில்லாமல் நிபந்தனையை மாற்றினால், அதற்குப் பிறகு வருவதற்கு ஜாமீன்தாரர் பொறுப்பில்லை என்று 133 ஆவது பிரிவும் சொல்கிறது. இருந்தாலும் தெளிவாக எழுதிவிடுவதே நல்லது. ஒரு மாதம் வாடகை தவறினாலே அந்த அம்மா எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். பாக்கி சேர்ந்த பிறகு கேட்டு என்ன பயன்? 11 மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு என்று புரோக்கர் சொன்னார். புதிய சட்டத்தில் அப்படி விட முடியாது. வாடகை அதிகாரியிடம் இணையத்தின் வழியாகப் பதிந்து எண் வாங்கிவிடலாம் என்று அந்த அம்மாளுக்குப் புரியவைத்தேன். அது அவருக்கும் பாதுகாப்பு.

தம்பியிடம் நீ சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சிபில் நிறுவனத்திடம் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். உடனே வாங்கிப் பார்க்கட்டும். பேசி முடித்த கடன் 'செட்டில்டு' என்று நின்றால், புதிதாகக் கடன் கொடுப்பவர்கள் அதைக் குறையாகத்தான் பார்ப்பார்கள். கையில் பணம் சேரும்போது மீதியைக் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்று வாங்கி, 'குளோஸ்டு' என்று திருத்தச் சொல்லிக் கேட்கலாம். 300 முதல் 900 வரை போகும் மதிப்பெண் அது. இறங்கிய வேகத்தில் ஏறாது, ஆனால் ஏறும்.

இன்னொன்றை உன்னிடம் கெஞ்சியே கேட்கிறேன். அவனுக்குத் தெரியாமல் நீ அந்த அம்மாளுக்கு வாடகை அனுப்பாதே. முடியாத மாதம் வந்தால், "சித்தப்பா, இந்த மாதம் முடியவில்லை" என்று அவனே என்னிடம் வந்து சொல்லட்டும். கடை மூடியதிலிருந்து யார் முகத்தையும் பார்க்காமல் இருக்கிறான் என்று மதினி அழுததாக எழுதியிருந்தாய். அவன் நிமிர்ந்து நடக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கையெழுத்து.

ஆடி பிறந்துவிட்டால் அந்த அம்மா பால் காய்ச்ச விடமாட்டார். ஆகவே ஆனிக்குள்ளேயே அனுப்பு. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இரவு ஏற்றிவிட்டால் காலையில் ஜங்ஷனில் நான் நிற்பேன். ஆதார் நகல், இரண்டு புகைப்படம், புது வேலைக்கான கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். பாத்திரம் எதுவும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம், இங்கே பரணில் நிறைய இருக்கின்றன. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. பால் காய்ப்புக்கு நீங்கள் இருவரும் வந்தால், மறுநாள் எல்லோருமாகப் போய்க் குளித்துவிட்டு வரலாம்.

அன்புடன்,
உன் நண்பன்